உதிரிக் கணக்கில் போன ஓட்டங்கள்

கோபம் வந்தால் சிலர் பாத்திரத்தைப் போட்டு உடைப்பார்கள், சிலர் சாப்பிடாமல் படுத்துவிடுவார்கள். எனக்குக் கோபம் வந்தால் கணக்குப் போடுவேன். எண்பதுகளின் கடைசியில் லண்டனில் நான் போடத் தொடங்கிய கணக்கெல்லாம் அப்படிப் பிறந்தவைதான். அந்தக் கணக்குகளால் கோபம் தீர்ந்ததா என்று கேட்டால், தீரவில்லை. இன்றைக்கும் அந்தக் கதையை எடுத்தால் என் குரல் தானாக ஏறும். வீட்டில் இருப்பவர்கள் தேத்தண்ணி போடுகிறோம் என்று சொல்லி ஒவ்வொருவராக எழும்பிப் போய்விடுவார்கள்.

எங்கள் கழகம் ஊரில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்களும் அவர்களுடைய குடும்பங்களும் சேர்ந்து நடத்தியது. ஆண்கள் எல்லோரும் கிரிக்கெட்காரர்கள், அல்லது அப்படிச் சொல்லிக்கொள்பவர்கள். ஆனால் நாங்கள் இருந்த கிழக்கு லண்டனில், ஃபாரஸ்ட் கேட் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமையில் ஒரு கிரிக்கெட் மைதானம் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. அப்போதுதான் பக்கத்துப் புல்வெளியில் ஒபிஸ்காரர்கள் கூடி சொப்ட்போல் ஆடுவதை யாரோ கண்டுவந்து சொன்னார்கள். சொப்ட்போல் என்பது அமெரிக்கர்களின் பேஸ்போல்தான். பந்து கொஞ்சம் பெரிது, கையைக் கீழால் வீசி மெதுவாக எறிவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அடித்துவிட்டு ஓடி, பேஸ் என்று சொல்லும் நாலு மூலைகளையும் சுற்றி வந்தால் ஒரு ஓட்டம். ஒவ்வொரு அணியிலும் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது அந்த லீக்கின் விதி.

இதைக் கேட்ட எங்கள் கப்டன் சிரித்தார். "இது எங்கட எல்லே தானே" என்றார். எல்லே இலங்கைப் பள்ளிக்கூடங்களில் ஆண் பெண் வித்தியாசமில்லாமல் எல்லோரும் ஆடியது. கம்பை எடுத்துப் பந்தை விளாசிவிட்டுச் சுற்றி ஓடுவதுதான் ஆட்டம். ஆகவே மனைவிமார் எல்லோரையும் கூப்பிட்டார்கள். நான் பள்ளிக்கூட அணியில் ஆடியவள் என்பது என் மனிசனுக்கு அன்றைக்குத்தான் தெரியும். கலியாணம் கட்டி எத்தனையோ வருடம், அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு என்னவாக இருந்தது என்று சொல்லாவிட்டால் மிச்சம் விளங்காது. கிழமை முழுக்க லிவர்பூல் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு இன்சூரன்ஸ் கம்பனியில் கணக்குப் பகுதியில் வேலை. சனிக்கிழமை உடுப்புத் தோய்க்க, கடைக்குப் போக, கறி வைத்து டப்பாக்களில் போட்டு ஃப்ரீசரில் அடுக்க. ஞாயிறு பிற்பகல், என்னுடைய முறை வந்து, நான் மட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் நான் யாருக்கும் எதையும் செய்து கொடுக்க வேண்டியதில்லை. எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், எறிபவன் எனக்காகக் காத்திருப்பான். எனக்கு வேண்டியிருந்தது அந்த முறை ஒன்றுதான். கோப்பையும் வேண்டாம், பெயரும் வேண்டாம். அதைத்தான் பறித்தார்கள்.

விஷயம் இப்படித் தொடங்கியது. லீக்காரர்கள் தந்த விதித்தாளை எங்கள் கழகத்தில் நான் ஒருத்திதான் வாசித்தேன். விதியை வாசிப்பது ஆடத் தெரியாதவர்களின் வேலை என்று எங்கள் ஆண்களுக்கு ஒரு நினைப்பு. அதிலே தெளிவாக எழுதியிருந்தது: எறிபவர் நாலு பந்தைத் தவறாகப் போட்டால், அடிக்கிறவர் அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்து போகலாம்; நல்ல பந்து மூன்றை அடிக்காமல் விட்டால்தான் ஆட்டமிழப்பு. எல்லேயில் இப்படி ஒன்று கிடையாது. அங்கே வந்த பந்தை விளாசாமல் நிற்கிறவர் மடையர். ஆகவே எங்கள் ஆட்கள் தலைக்கு மேலே போகிற பந்தையும் எட்டி விளாசினார்கள், காலுக்குக் கீழே விழுகிற பந்தையும் குனிந்து விளாசினார்கள். பந்து வானத்துக்கு எழும்பும். கீழே ஒரு வங்கிக் குமாஸ்தா பியர் கிளாஸைப் புல்லில் வைத்துவிட்டு வந்து சாவகாசமாகப் பிடிப்பான். நான் நின்றேன். நல்ல பந்து வந்தால் தட்டினேன், வராவிட்டால் விட்டேன். அந்த லீக்கில் நேராக எறியத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. ஆகவே நான் பாதி நேரம் முதல் பேஸில் நின்றேன். பின்னால் வந்தவர்கள் அடிக்க, ஓடி வந்து சேர்ந்தேன்.

கணக்கு எழுதியவர் கப்டன். அவர் வசதியானவர்கள் இருக்கிற ஹரோவில் இருந்தார். கணக்காளர், சொந்தமாக ஒபிஸ் வைத்திருந்தார். வடக்கு லண்டனைச் சுற்றிக் காரில் வந்து, மடக்குக் கதிரையை விரித்து உட்கார்ந்து, பழைய கிரிக்கெட் ஸ்கோர் புத்தகத்தில் எழுதுவார். அங்கேதான் வந்தது வினை. கிரிக்கெட்டில் வைட் பந்துக்கு வருகிற ஓட்டம் துடுப்பாட்டக்காரருடையது அல்ல. அதை உதிரிகள் என்ற பத்தியில் போடுவார்கள். நாலு கெட்ட பந்தும் வைட் மாதிரித்தானே என்று, நான் நின்று வாங்கிய ஒவ்வொரு பேஸையும் அவர் உதிரியில் போட்டார். நான் சுற்றி வந்து சேர்ந்த ஓட்டத்தைக் கடைசியாக அடித்தவர் பெயரில் போட்டார். அநேகமாக என் பெயருக்கு நேரே முட்டைதான். உலகத்தில் எத்தனையோ பேர் இந்த ஆட்டத்தை ஆடுகிறார்கள். இப்படி ஒரு பிழையைக் கிரிக்கெட்டில் ஊறிய எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாராலும் விட்டிருக்க முடியாது.

ஆட்டம் முடிந்ததும் புல்லில் பெட்ஷீட்டை விரித்து, ஆட்டிறைச்சி ரோல்ஸையும் பிளாஸ்க்கில் தேத்தண்ணியையும் வைத்துக்கொண்டு எல்லோரும் சுற்றி இருப்போம். கப்டன் புத்தகத்தைத் திறந்து ஒவ்வொருவரின் சராசரியையும் சத்தமாக வாசிப்பார். அது கழகத்தின் வழக்கம், கிரிக்கெட் காலத்திலிருந்தே வந்தது. நல்லவர்களுக்குக் கைதட்டு, மோசமானவர்களுக்குப் பகிடி. என் பெயர் எப்போதும் கடைசி. பஸ் தரிப்பிலே நிற்கிற மாதிரி நிற்கிறாள் என்று ஒருநாள் கப்டன் சொன்னார். அடுத்த கிழமை நான் மட்டையோடு போகும்போதே எங்கள் ஆட்கள் பஸ் நம்பர்களைச் சொல்லிக் கத்தினார்கள். சிரித்தவர்களில் என் மனிசனும் ஒருவர். வீட்டுக்கு வந்து கேட்டதற்கு, பகிடிதானே, பகிடியைப் பகிடியாக எடுக்கத் தெரியாதா என்றார். எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

என்னோடு ஒபிஸில் ஒரு அமெரிக்கப் பெண் வேலை செய்தாள். அவளுடைய தகப்பன் ஊரிலிருந்து பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கங்களைக் கட்டுக்கட்டாக அனுப்புவார். மதிய இடைவேளையில் அவள் சான்ட்விச்சைக் கடித்துக்கொண்டே அந்தப் பக்கங்களில் குனிந்திருப்பாள். பக்கம் முழுக்கப் பொடி எழுத்தில் எண்கள். எங்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்த மாதிரி இருந்தது. நான் என் முட்டைக் கதையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. நின்று பேஸ் வாங்குவதை இவர்கள் எங்கே எழுதுகிறார்கள் என்று கேட்டாள். உதிரியில் என்றேன். அதற்கு அவள் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது.

அவள்தான் சொன்னாள், அவளுடைய நாட்டிலும் இந்தச் சண்டை இருக்கிறதாம். அடித்த அடிகளை மட்டும் எண்ணும் பழைய சராசரியைக் கட்டிப்பிடித்திருப்பவர்கள் ஒரு பக்கம், அது பாதிக் கதைதான் என்று எண்களைப் புரட்டிப் புரட்டி வேறு அளவுகளைத் தேடுகிறவர்கள் மறுபக்கம். பேஸ்போல் எண்கள் நிறைந்த தடித்த புத்தகங்களை எனக்குத் தந்தாள். ரயிலில் வாசித்தேன். ஆட்டக்காரர் ஒருவரையும் எனக்குத் தெரியாது, ஆனால் வாதம் விளங்கியது. அணிக்கு வேண்டியது ஓட்டம். ஓட்டத்துக்கு முதலில் பேஸில் ஆள் வேண்டும். ஆள் அடித்துப் போனாரா நடந்து போனாரா என்று பேஸ் கேட்பதில்லை. இதைப் புரிந்துகொள்ள ஹரோவில் வீடு வைத்திருக்க வேண்டியதில்லை.

அடுத்த கோடை முழுக்க ஒவ்வொருவரும் தன் முறையில் என்ன செய்தார் என்று நானும் தனியாகக் குறித்தேன். குளிர்காலத்தில் ஒபிஸ் கணினியில், மதிய இடைவேளைகளில், அவற்றை வைத்து விளையாடத் தொடங்கினேன். விளையாட்டு என்றுதான் சொல்ல வேண்டும். முதலில் ஒருவர் எத்தனை தரம் பேஸுக்குப் போய்ச் சேர்ந்தார் என்பதை மட்டும் எடுத்து மொத்த முறைகளால் வகுத்தேன். நான் முதலிடத்துக்கு வந்துவிட்டேன். ஐந்து நிமிடம் சந்தோஷமாக இருந்தது. பிறகு எனக்கே வெட்கமாகிவிட்டது. ஒரே அடியில் மூன்றாவது பேஸ் வரை ஓடுகிறவரும், நடந்து முதலாவதுக்குப் போகிற நானும் சமமாக முடியாது. அடித்துக் கடந்த பேஸ்களை எண்ணிப் பார்த்தேன். அப்போது, பத்துத் தரம் வானத்துக்கு அடித்துப் பிடிகொடுத்துவிட்டு ஒரு தரம் வேலிக்கு வெளியே அடிக்கிறவர்கள் எல்லாம் ராசாக்களாகிவிட்டார்கள். அதுவும் சரியில்லை.

பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு பெறுமதி போட்டேன். நடந்து போனதற்கு ஒன்று, சின்ன அடிக்கு அதைவிடக் கொஞ்சம் கூட, பெரிய அடிக்கு இன்னும் கூட, ஆட்டமிழந்தால் கழிவு. எவ்வளவு கூட, எவ்வளவு கழிவு என்பதில்தான் குளிர்காலம் போனது. ஒவ்வொரு தரமும் பெறுமதிகளை மாற்றி, ஒரு ஆட்டத்தில் எங்கள் எல்லோருடைய புள்ளிகளையும் கூட்டி, அந்த ஆட்டத்தில் நாங்கள் உண்மையில் எடுத்த ஓட்டங்களோடு ஒத்துப் பார்ப்பேன். கப்டனின் சராசரி எந்த ஆட்டத்தோடும் ஒத்துப் போகவில்லை. அவர் கணக்குப்படி நாங்கள் வெளுத்து வாங்கிய நாட்களில் தோற்றிருக்கிறோம். என்னுடையது மெல்ல மெல்லக் கிட்ட வந்தது. கடைசியில் ஒரு மதியம் எல்லா ஆட்டங்களும் ஏறக்குறையப் பொருந்தி நின்றன. அமெரிக்கக்காரி என் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். மேலதிகாரி திரும்பிப் பார்த்தார்.

அந்தப் பட்டியலில் முதலாவதாக வந்தவர் என் மனிசன். அவர் கப்டனின் சராசரியில் நடுவில் எங்கேயோ கிடந்தவர். பெரிதாக அடிக்கமாட்டார், ஆனால் அடிக்கடி தட்டிவிட்டு ஓடுவார். என்னைப் பார்த்துப் பார்த்து, கெட்ட பந்தை விடவும் கொஞ்சம் பழகியிருந்தார். இரண்டாவது கப்டன்தான், அதையும் ஒளிக்காமல் எழுதினேன். மூன்றாவது நான். கடைசியில் இருந்தவள் மூன்றாவது.

கழகத்தின் கூட்டம் செவன் கிங்ஸில் ஒருவர் வீட்டு முன் அறையில் நடந்தது. 86ஆம் நம்பர் பஸ்ஸில் போனோம். நான் அச்சடித்த தாள்களை மடியில் வைத்திருந்தேன். மனிசனுக்கு முன்பே காட்டியிருந்தேன். தன் பெயர் மேலே இருப்பதைப் பார்த்தவர் தாளைத் திருப்பித் தர நேரமெடுத்தார்.

கப்டன் தாள்களை வாங்கி வாசித்தார். நான் விளக்கினேன். அவருக்கு விளங்காமல் இருந்திருந்தால் நான் இவ்வளவு கோபப்பட்டிருக்கமாட்டேன். விளங்காதவரோடு என்ன கோபம்? அவர் கணக்காளர். இரண்டே கேள்வி கேட்டார், இரண்டும் சரியான கேள்விகள். பிறகு நல்ல வேலை என்றார். சும்மா சொல்லவில்லை, மனதாரத்தான் சொன்னார். இனிமேல் ஆண்கள் கண்டபாட்டுக்கு விளாசக் கூடாது, பந்தைப் பார்த்து விடப் பழக வேண்டும் என்றார். என் மனிசன் முதலாவதாக ஆட வேண்டும் என்றார். மூன்றாவது பெயரைத் தாண்டி நாலாவதுக்குப் போனார்.

"அண்ணை, மூண்டாவது என்ர பேர்" என்றேன்.

"ஓம், கண்டனான்" என்றார். "தங்கச்சி, உமக்குப் பந்தை விடுறது பயத்திலை. இவருக்கு அது பொறுமை. கணக்கிலை ரெண்டும் ஒண்டு மாதிரித்தான் தெரியும்."

யாரோ மிக்சர் தட்டை நகர்த்தினார்கள். ஒரே செயல், ஒரே பந்து, ஒரே நாலு எண்ணிக்கை. மீசை வைத்தவர் செய்தால் பொறுமை, நான் செய்தால் பயம். அவ்வளவு மாதமும் நான் போட்ட கணக்கில் அந்த மீசைக்கு ஒரு பெறுமதி போட மறந்துவிட்டேன்.

கப்டன் நிறுத்தவில்லை. இந்த முறையைத் தொடர வேண்டுமென்றால் ஒவ்வொரு பந்தையும் ஒழுங்காகக் குறிக்க ஒரு ஆள் வேண்டும், ஆடுகிற ஆளால் அது ஏலாது என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. என் மனிசனைப் பார்த்தார். பெண்கள் எண்ணிக்கைக்குத் தன்னுடைய மச்சாள் இருக்கிறாள், ஹரோவிலிருந்து காரிலேயே கூட்டிவரலாம் என்றும் சொன்னார்.

"அவ எழுதுவா அண்ணை" என்றார் என் மனிசன். "அவ ஆடினா ஆர் எழுதுறது?"

வாசலில் மழைக்கு நிற்கிற ஒருவருக்கு வீட்டுக் குடையை எடுத்துக் கொடுப்பது போல என்னை எடுத்துக் கொடுத்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் அவருக்குப் பக்கத்திலேதான் இருந்தேன், எங்கள் முழங்கைகள் முட்டிக்கொண்டிருந்தன.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னேன், எனக்கு எழுத விருப்பமில்லை, ஆட வேண்டும் என்று. எல்லோரும் இப்போது உன்னை எவ்வளவு மதிக்கிறார்கள், கப்டனே பாராட்டிவிட்டார், இதைவிட என்ன வேண்டும் என்று அவர் திருப்பிக் கேட்டார். மட்டை வேண்டும் என்றேன். ஒரு கோடைதானே என்றார். மேல் தட்டில் பின்னால் நாலைந்து தமிழ்ப் பொடியன்கள் இருந்தார்கள். அதனால் அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காமல் விட்டதற்காகவும் எனக்கு அவர் மேலேதான் கோபம்.

அந்தக் கோடை நான் மடக்குக் கதிரையில் இருந்தேன். எங்கள் அணி வெல்லத் தொடங்கியது. ஆண்கள் மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு கெட்ட பந்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "நல்லா விட்டாய் மச்சான்" என்று பின்னாலிருந்து பாராட்டு வந்தது. நடந்து முதல் பேஸுக்குப் போனவர்களுக்குக் கைதட்டினார்கள். பஸ் நம்பரை ஒருவரும் கத்தவில்லை. கப்டனின் மச்சாள் பாவம், பந்தைக் கண்டால் கண்ணை மூடுவாள். ஆடவே விருப்பமில்லை என்று என்னிடமே சொன்னாள். இரண்டு பெண்கள், ஆட விரும்புகிறவள் கதிரையில், கதிரையில் இருக்க விரும்புகிறவள் மைதானத்தில். நாங்கள் இரண்டு பேரும் இடம் மாறினால் என்ன என்று கேட்டதற்கு, அணியை இடையில் குழப்பக் கூடாது என்றார் கப்டன்.

வருட முடிவில் ஒரு பாடசாலை மண்டபத்தை எடுத்து இராப்போசனம் வைத்தார்கள். சிறந்த அடிகாரருக்கான கோப்பை, என் கணக்குப்படி, என் மனிசனுக்குக் கிடைத்தது. கப்டன் பேசும்போது அதை எங்கள் கழகத்தின் முறை என்றார். வேறு கழகங்களும் கேட்டு விசாரிக்கிறார்களாம். கணக்கெழுதிய தங்கச்சிக்கு நன்றி என்று சொல்லி, மூடி போட்ட ஒரு கண்ணாடிப் பாத்திரம் தந்தார்கள், அவண் அடுப்புக்குள் வைக்கக் கூடியது. அந்தப் பாத்திரத்தை நான் ஒருநாளும் பாவிக்கவில்லை. பெட்டியோடு கொண்டுபோய் ஹை ஸ்ட்ரீட்டில் தருமத்துக்குச் சாமான் விற்கும் சரிட்டிக் கடையில் வைத்துவிட்டு வந்தேன். கோப்பை எங்கள் டிவிக்கு மேலே இருந்தது. நான்தான் தூசி தட்டினேன்.

வசந்தம் வந்ததும் அந்தக் கோடைக்கும் எழுதச் சொல்லிக் கப்டன் போன் எடுத்தார். நான் எழுதமாட்டேன் என்றேன். என்னை ஆட விடுங்கள், என் முறை இல்லாத நேரங்களில் எழுதுகிறேன், அமெரிக்காவில் ஆடுகிறவர்களே அப்படி எழுதுவார்கள் என்றேன். யோசிப்போம் என்றார். யோசிப்போம் என்றால் இல்லை என்பது எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். ஆகவே மனிசனே கணக்குப் போட முயன்றார். குசினி மேசையில் தாளை விரித்து, கழிக்க வேண்டியதைக் கூட்டி, கூட்டியதைத் தவறான ஆளின் பெயரில் எழுதி, தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். நான் எதிரே இருந்து வெங்காயம் வெட்டினேன். அந்த மாலை எனக்குத் தந்த இன்பத்தை மறைக்கப் போவதில்லை.

அந்த வருடம் எங்கள் ஒபிஸும் அதே லீக்கில் சேர்ந்தது. அமெரிக்கக்காரி என்னிடம் கேட்டாள், நான் உடனே சரி என்றேன்.

"எங்களுக்கு எதிரா ஆடப் போறீரோ?" என்று கேட்டார் மனிசன்.

"ஓம்" என்றேன்.

அதற்குப் பிறகு வீட்டில் பால், காஸ் பில், குப்பை எடுக்கும் நாள் இவற்றைத் தவிர வேறு பேச்சில்லை. கழகத்துப் பெண்கள் சிலர் கடையில் கண்டால் வேறு பக்கம் பார்த்தார்கள். குடும்பத்தை விட்டு ஓடிப்போனவள் மாதிரி என்னைப் பற்றிப் பேசினார்களாம். நான் போனது வேறு ஒரு டீ-சேர்ட்டுக்கு.

ஒபிஸ் அணி சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே என் பெயரை ஒருவராலும் சொல்ல முடியவில்லை, கேட்காமலே வெட்டிச் சின்னதாக்கிவிட்டார்கள். ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் பப்புக்குப் போவார்கள். நான் ஒரு ஆரஞ்சு ஜூஸை வைத்துக்கொண்டு நாய்களைப் பற்றிய கதைகளைக் கேட்டுக்கொண்டு இருப்பேன். அதிலும் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் இரண்டாவதாக ஆட விட்டார்கள். நாலு கெட்ட பந்தை விட்டு நான் முதல் பேஸுக்கு நடந்தபோது அமெரிக்கக்காரி கதிரையில் ஏறி நின்று விசிலடித்தாள். அது என் பெயரில்தான் எழுதப்பட்டது.

கோடை நடுவில் எங்கள் கழகத்தோடு ஆட்டம் வந்தது. பந்து எறிந்தவர் என் மனிசன். பொறுமையானவர் என்று பெயரெடுத்த பிறகு அவரிடம் அந்த வேலையையும் கொடுத்திருந்தார்கள். என் முறை வந்தபோது இரண்டு பேஸில் ஒபிஸ் ஆட்கள் நின்றார்கள். நான் போய் நின்றேன். அவர் பந்தைக் கையில் உருட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். அன்றைக்குக் காலையில் அவருக்குப் புட்டு அவித்துக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

கப்டன் அவருக்குப் பின்னால் நின்று தமிழில் சொன்னார். என் அணிக்கு விளங்காது என்ற துணிச்சல். எனக்கு விளங்கும் என்பதை அவர் பொருட்படுத்தவில்லை.

"நடுவாலை போடும். அவ அடிக்கமாட்டா, நிப்பா."

மனிசன் தலையாட்டினார். அவர் என்னோடு ஒரே அணியில் இரண்டு கோடை ஆடியவர். நல்ல பந்து வந்தால் நான் தட்டுவேன் என்பதைக் கண்ணால் கண்டவர். கண்டதை விட்டுவிட்டு, கப்டன் வாசித்துக் காட்டியதை நம்பினார். பந்தை மெதுவாக, வளைவாக, குழந்தைக்குப் போடுவது போல நேர் நடுவில் போட்டார். லீக்கில் எனக்கு அப்படி ஒரு பந்தை அதுவரை யாரும் போட்டதில்லை.

அடித்தேன். தட்டவில்லை, அடித்தேன். பந்து அவர் இடது தோளுக்கு மேலால் போய், கப்டனுக்கும் பக்கத்தில் நின்றவருக்கும் நடுவில் விழுந்து, புல்லில் உருண்டு போய்க்கொண்டே இருந்தது. நான் ஓடினேன். எனக்கு முன்னால் இரண்டு பேரும் ஓட்டம் முடிகிற வீட்டு மூலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நான் இரண்டாவது பேஸை மிதித்து நின்றேன். சும்மா பட்டதுதான் என்று கப்டன் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்.

பந்து திரும்பி மனிசன் கைக்கு வந்தது. அவர் என் பக்கம் திரும்பினார். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன், அதற்கு நான் தயாராக இருந்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் பூரிப்பு. என் பக்கத்தில் நின்ற கழகத்துக்காரரைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "என்ர மனிசி எல்லோ" என்றார்.

செவன் கிங்ஸ் முன் அறையில் இந்தக் குரலில் பாதி போதுமாக இருந்திருக்கும். கால்வாசி கூடப் போதும். என் முழங்கை அவர் முழங்கையில் முட்டிக்கொண்டிருந்தபோது, என்ர மனிசி மூன்றாவது, அவ ஆடுவா என்று ஒரே ஒரு வசனம் சொல்லியிருந்தால் நான் இந்தப் பக்கம் நின்றிருக்கமாட்டேன். அங்கே வராத பெருமை இங்கே, நான் தனியாக வந்து தனியாக அடித்த பிறகு, தன்னுடைய பொருள் நன்றாக ஓடுகிறது என்பது போல வந்து நிற்கிறது. அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நானும் சிரிப்பேன் என்று காத்திருந்தார்.

"பந்தைப் போடுங்கோ" என்றேன். "இன்னும் முடியேல்லை."

அவர் சிரிப்பு மெல்லக் குறைந்தது. நான் அடுத்த பேஸைப் பார்த்துக் குனிந்து நின்றேன்.